புயலும் வலவனும்
(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் விமானிகளைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா அவையில் எழுவது இயல்பே. கம்பரும் சேக்கிழாரும் பேசப்பெறும் மேடை இது. அதிலும் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் பிறந்த ஊரில் நடைபெறும் விழா. ஆயினும் 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சென்னை மீனம்பாக்கத்தில் சில நொடிகளில் நிகழ்ந்து முடிந்த ஒன்று, தமிழ்க் கவிதையின் மிகப் பழைய விழுமியம் ஒன்றோடு நேருக்கு நேர் மோதுகிறது. அந்த மோதலே இவ்வுரையின் பொருள்.

அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கரையேறிய பின்னும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று பொழிந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேலும், மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. அளவிலும் மழை பதிவாயிற்று. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரைச் சூழ்ந்த கதையை இம்மாவட்டத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. புயல் கரையேறிய அந்நாளில் மும்பையிலிருந்து வந்த இண்டிகோ நிறுவனத்தின் 6இ 683 என்னும் விமானம் சென்னையில் இறங்க வந்தது. பக்கவாட்டுக் காற்று தள்ள, அதனை ஈடுசெய்ய மூக்கைக் காற்றின் பக்கம் சற்றே திருப்பிக்கொண்டு, நண்டு நடையாக இறங்கியது. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொடும் தறுவாயில் உடல் ஒருபுறம் சாய்ந்து தள்ளாடியது. அடுத்த கணம் பொறிகள் முழங்க, மூக்கை உயர்த்தி, மீண்டும் மழைமேகத்துள் சென்று மறைந்தது. பயணிகள் எவர்க்கும் தீங்கில்லை. மழையும் வலுத்த காற்றும் காரணமாக, வகுத்த பாதுகாப்பு முறைப்படி விமானிகள் இறங்காது மேலெழுந்தனர் என்று நிறுவனம் அறிவித்தது. அக்காட்சியைப் படமெடுத்தவர் உண்டு. நாடு முழுவதும் அதனைக் கண்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது.

இத்தகைய நிகழ்ச்சியைத் தமிழ் நாளேடுகள் எப்படி எழுதுகின்றன என்பதைக் கவிஞர்கள் கவனித்தல் வேண்டும். "தரையிறங்க முடியாமல் வானில் வட்டமடித்தது" என்பதே வழக்கமான தொடர். 'முடியாமல்' என்னும் அச்சொல்லில்தான் சிக்கல் உள்ளது. இறங்க முடியாதவன் தோற்றவன், தோற்றவன் திரும்புகிறான். படிப்பவர் உள்ளத்தில் இவ்வளவும் அந்த ஒரு சொல்லால் ஏறிவிடுகின்றன. உண்மையில் விமானி அங்கே ஒன்றைச் செய்ய முடியாமல் விட்டவர் அல்லர். வேண்டாம் என்று முடிவு செய்தவர். அம்முடிவுக்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் இல்லை. ஆங்கிலத்தில் 'கோ-அரவுண்ட்' என்று சொல்லிவிடுகிறார்கள். அதில் பழியும் இல்லை, புகழும் இல்லை. தமிழில் ஏன் அப்படி ஒரு சொல் இல்லை என்று தேடினால், புறநானூற்றுக்குப் போக வேண்டியிருக்கிறது.

வெண்ணிக் குயத்தியார் பாடிய 66ஆம் புறப்பாட்டு இந்த அவைக்குப் புதிதன்று. குயத்தியார் என்னும் பெயரே மண்ணைச் சக்கரத்தில் ஏற்றி வனையும் குடியை நினைவூட்டுவது. பீங்கானுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் அருகிலிருந்து அவரை நினைப்பது ஒரு தனி மகிழ்ச்சி. கரிகாலனைப் பாட வந்த அப்பெண், அவனை வாழ்த்தும்போது, கடலில் கலம் செலுத்திக் காற்றைத் தன் ஏவலுக்கு ஆளாக்கிக்கொண்ட முன்னோரின் வழிவந்தவன் என்கிறார். காற்றை ஆளுதல் என்னும் எண்ணம் தமிழில் இத்துணைத் தெளிவாக வேறெங்கும் சொல்லப்பட்டிருக்குமா என்பது ஐயமே. அதே பாட்டின் முடிவில் அவர் உயர்த்திப் பேசுவது வென்ற கரிகாலனை அன்று; முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்ட சேரமானைத்தான். மார்பில் பாய்ந்த வேல் முதுகுவரை ஊடுருவியதே அப்புண் என்பர். அதற்கும் நாணினான். ஒரே பாட்டின் ஒரு முனையில் காற்றை ஆண்டவன். மறுமுனையில் புறப்புண்ணின் நாணம். இரண்டையும் அவ்வம்மையார் முரணாக எண்ணவில்லை. இரண்டாயிரம் ஆண்டு கழித்து, காற்றை ஆள்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு அவை இரண்டும் முரண்பட்டு நிற்கின்றன. புறங்கொடாமையை உயிராகக் கொண்டால் அவர் காற்றை ஆள முடியாது.

தமிழ்ப் புலவர்கள் வானில் ஊர்தியைப் பறக்கவிட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதும் காணத்தக்கது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதனை இயக்கும் முறையைத் தன் தேவி விசயைக்குக் கற்பிக்கிறான். வலப்பக்கம் திருகினால் அது மேகத்தைப் பிளந்துகொண்டு உயரும். இடப்பக்கம் திருகினால் கால்களை ஊன்றித் தரையிறங்கும். விசயை நாள்தோறும் பயின்று தேர்கிறாள். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்த நாளில், கருவுற்ற அத்தேவி மயிற்பொறியில் தனியே ஏறித் தப்புகிறாள். வழியில் பகைவனின் வெற்றி முரசு காதில் விழ, மயங்கிச் சாய்கிறாள். பொறி தானே இறங்கிச் சுடுகாட்டில் அவளைச் சேர்க்கிறது. திருத்தக்கதேவர் இரண்டு செய்திகளைத் தெரிந்தே வைத்திருக்கிறார். ஊர்தி கெடவில்லை, ஓட்டியவளின் மனம் தளர்ந்தது. பயிற்சி இருந்தும் ஓசையொன்று கையை நடுங்கச் செய்தது. இன்றைய விபத்து விசாரணை அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வருவது இச்செய்தியே.

ஒன்றில் மட்டும் தேவரோடு இக்காலம் வேறுபடுகிறது. மயிற்பொறி மேகத்தைப் பிளக்கும். இன்றைய பயணிகள் விமானம் மேகத்தை விலகும்.

இது அச்சத்தால் அன்று. இடிமேகம் வெளியிலிருந்து பார்க்கப் பஞ்சுப் பொதிபோல் தோன்றினாலும் உள்ளே ஓர் உலைக்களம். வெம்மையும் ஈரமும் கொண்ட காற்று அதனுள் நிமிடத்திற்கு 6,000 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் ஏறக்கூடும். அருகிலேயே மழையும் ஆலங்கட்டியும் இழுத்துவரும் குளிர்காற்று கீழே பாயும். ஏறும் காற்றிலிருந்து இறங்கும் காற்றுக்குள் விமானம் நுழையும் இடம் வெறும் சில நூறு அடிதான். வெப்பநாட்டில் இம்மேகத்தின் முடி 15 கிலோமீட்டர் வரையும், சில வேளைகளில் அதற்கு மேலும் எழும். விமானங்கள் பறப்பதோ 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில். ஆகவே மேலேறிக் கடக்கலாம் என்பது பெரும்பாலும் நடவாது. கீழே நுழைவது இன்னும் கேடு. சுற்றிப் போவதே வழி. கடுமையான இடிமேகத்திற்கும் விமானத்திற்கும் இடையே 20 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 37 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விமானிகளுக்குச் சொல்லித் தரப்படும் கணக்கு.

விமானத்தின் மூக்கினுள் ஒரு ரேடார் உண்டு. அது அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்ப, விமானியின் முன்னுள்ள திரையில் சிறுமழை பச்சையாகவும், பெருமழை மஞ்சளாகவும், அதனினும் கொடியது சிவப்பாகவும் தெரியும். இக்கருவியின் குறையையும் அறிந்தால்தான் விமானியின் தொழில் விளங்கும். அது நீரைக் காணும், காற்றைக் காணாது. உலர்ந்த ஆலங்கட்டி அதன் கண்ணுக்கு மெலிந்து தோன்றும். முன்னால் நிற்கும் பெருமழை அலையை உறிஞ்சிவிட்டால், பின்னால் நிற்கும் இன்னும் பெரிய மழை திரையில் வெற்றிடமாக, வழிவிட்டு நிற்பதுபோல் காட்டும். அந்த வெற்றிடத்தை வாயில் என்று நம்பி நுழைந்தவர் உண்டு. திரையில் இல்லாததையும் படிக்கத் தெரிந்தவரே நல்ல விமானி. கவிதை படிப்போர்க்கு இது விளங்காத கலை அன்று.

விலகியும் கொந்தளிப்பு பிடித்துக்கொண்டால் விமானி செய்வது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. ஒவ்வொரு வகை விமானத்திற்கும் கொந்தளிப்பைக் கடப்பதற்கென ஒரு வேகம் உண்டு. போயிங் 737க்கு அது பொதுவாக 280 நாட். அதற்கு மேல் போனால் காற்றின் அடி இறக்கையை வருத்தும். மிகக் குறைந்தால் இறக்கை தாங்கும் ஆற்றலை இழக்கும். அந்த வேகத்தில் நிலைநிறுத்தி, இறக்கைகளைச் சமமாக வைத்து, உயரம் சில நூறு அடி ஏறி இறங்கினாலும் அதைத் துரத்தாமல் விட்டுவிட வேண்டும். உயரத்தைத் துரத்துகிறவர் காற்றின் அசைவோடு தன் அசைவையும் சேர்த்து விமானத்தை இருமடங்கு உலுக்குகிறார். கருவியை இறுகப் பற்றாதே என்பதே ஆசிரியர்கள் மாணவர்க்குத் தரும் முதற் பாடம். இறக்கை வளைவதைக் கண்டு பயணிகள் அஞ்சுவர். வளைவதற்காகவே அது செய்யப்பட்டது. 1995ஆம் ஆண்டு போயிங் 777இன் இறக்கையை முறியும் வரை வளைத்துப் பார்த்தார்கள். பணிக்காலத்தில் தாங்க வேண்டிய உச்சச் சுமையின் 154 விழுக்காட்டில்தான் அது ஒடிந்தது. இதனால் காற்று விமானத்தை உடைக்கவே உடைக்காது என்று சொல்லிவிடவும் முடியாது. 1966 மார்ச் 5ஆம் நாள் ஃபியூஜி மலையருகே, தெளிந்த வானில், மலையைத் தாண்டி வீசிய காற்றின் அலையில் சிக்கி பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் போயிங் 707 வானிலேயே சிதறியது. அதிலிருந்த 124 பேரும் மாண்டனர்.

தமிழில் தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கின் காற்று கொண்டல், மேற்கின் காற்று கோடை. நாற்றிசைக்கும் பெயர் வைத்த மொழி, மேலிருந்து கீழே கொட்டும் காற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. கலம் ஓட்டியவர்க்கு அப்பெயர் தேவைப்படவில்லை. மற்ற மொழியாரும் அக்காற்றைத் தனியே கண்டு பெயரிட்டது மிகப் பிற்காலத்தில்தான். அந்தக் கதை சற்று நின்று கேட்கத்தக்கது.

தெத்சுயா ஃபுஜிதா என்னும் ஜப்பானியர் 1945இல் கொக்குரா நகரத்தை அடுத்த ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஆகஸ்டு 9ஆம் நாள் இரண்டாம் அணுகுண்டு கொக்குராவுக்கே குறிவைக்கப்பட்டிருந்தது. இலக்கை மேகமும் புகையும் மூடியிருந்ததால் குண்டு விமானம் அங்கிருந்து அகன்று நாகசாகிக்குச் சென்றது. பின்னர் ஃபுஜிதா நாகசாகிக்குச் சென்று அழிவின் வடிவை ஆராய்ந்தார். வெடித்த இடத்திற்கு நேர்கீழே இருந்த மரங்கள் நின்றிருக்க, சுற்றிலும் இருந்தவை நாற்புறமும் ஒளிக்கதிர்போல் சாய்ந்து கிடந்தன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, புயல் அடித்த ஒரு காட்டை விமானத்திலிருந்து நோக்கியவர் அதே வடிவைக் கண்டார். சுழற்காற்றில் விழுந்த மரங்கள் சுழன்று கிடக்கும். இவையோ நடுவிலிருந்து வெளிநோக்கி விழுந்திருந்தன. மேலிருந்து காற்று ஏதோ ஒன்றைப்போல் விழுந்து தரையில் தெறித்திருக்க வேண்டும் என்று எண்ணினார். 1975 ஜூன் 24ஆம் நாள் நியூயார்க்கில் இறங்க வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானம் இடிமழையில் விழுந்து 113 பேர் இறந்தபோது, காரணம் இக்காற்றே என்று அறிவித்தார். அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1978இல் டாப்ளர் ரேடார்களைக் கொண்டு அவர் அதனை மெய்ப்பித்தார்.

குடத்து நீரைத் தரையில் கவிழ்த்தால் அது விழுந்த இடத்திலிருந்து நாற்புறமும் சிதறி ஓடுமல்லவா, அதுபோன்றதே இக்காற்றும். இறங்கும் விமானம் அதனுள் நுழையும்போது முதலில் எதிர்காற்று கிடைக்கிறது. விமானம் மிதந்து உயர்கிறது. அதைக் கண்ட விமானி விசையைக் குறைக்கிறார். நடுவில் காற்று கீழே அழுத்துகிறது. கடந்ததும் அதே காற்று முதுகிலிருந்து தள்ள, இறக்கைக்கு மேல் ஓடும் காற்று திடீரெனக் குறைந்து விமானம் விழுகிறது. முதலில் கொடுத்துப் பின்னர் பறிக்கும் காற்று அது. 1985இல் டாலசில் டெல்டா நிறுவனத்தின் விமானமும் இவ்வாறே விழ, 137 பேர் இறந்தனர். இதனை முன்கூட்டியே உணர்த்தும் கருவிகள் அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது அதன் பின்னரே. கருவி கூவும்போது விமானிக்குச் சொல்லப்பட்டுள்ள பணி ஒன்றே: முழு விசை கொடு, மேலெழு, திரும்பு.

திரும்பாதவர் கதைகளும் உண்டு. அவற்றைப் பேசும்போது இறந்தோரைப் பழிக்கும் எண்ணம் வரக்கூடாது. ஆனால் பேசாமல் விடவும் கூடாது.

1973 மே 31ஆம் நாள் சென்னையிலிருந்து தில்லிக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்சின் 440ஆம் எண் விமானத்தில் 65 பேர் இருந்தனர். தில்லியில் அப்போது புழுதிப் புயல். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாத நிலையிலும், வகுக்கப்பட்ட குறைந்தபட்ச உயரத்திற்குக் கீழே விமானம் இறங்கிவிட்டது. உயர் அழுத்த மின்கம்பிகளில் மோதித் தீப்பற்றியது. 48 பேர் மாண்டனர். புதுச்சேரித் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும் நடுவண் அரசின் எஃகு, சுரங்கத் துறை அமைச்சராகவும் விளங்கிய மோகன் குமாரமங்கலம் அவர்களுள் ஒருவர். மேடைத் தமிழால் கேட்டாரைப் பிணித்த பொதுவுடைமைத் தலைவர், கோவை உறுப்பினர் கே. பாலதண்டாயுதம் மற்றொருவர். ஒரே புழுதிக் காற்றில் தமிழ்நாடு இருவரையும் இழந்தது. ஓடுபாதை தெரியாவிடில் மேலெழுக என்ற விதி அன்றும் இருந்தது. விதி இருந்தும், இன்னும் சில அடி இறங்கினால் தெரிந்துவிடும் என்ற ஆசை மனித இயல்பு. அந்தச் சில அடியில்தான் கம்பி இருந்தது.

2020 ஆகஸ்டு 7ஆம் நாள் கோழிக்கோட்டில் நிகழ்ந்தது இன்னும் நுணுக்கமானது. துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், பருவமழை கொட்டும் இரவில் முதன்முறை இறங்காது மேலெழுந்தது. அதுவரை செய்தது முற்றும் சரி. இரண்டாம் முறை பின்காற்றோடு இறங்கியது. ஓடுபாதையில் தொட வேண்டிய இடத்தைத் தாண்டித் தொட்டது. மேசைபோல் அமைந்த அந்நிலத்தின் விளிம்பைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். துணை விமானி மேலெழச் சொல்லியும் தலைமை விமானி இறங்குவதைத் தொடர்ந்தார் என்று விசாரணை கண்டது. ஒருமுறை திரும்பியவர்க்கு இரண்டாம் முறை திரும்புவது ஏன் கடினமாகிறது? முதல் திரும்புதலையே உள்ளம் ஒரு புண்ணாகக் கருதி, இரண்டாவதற்கு நாணுகிறதோ? விசாரணை அறிக்கை இதனை இவ்வாறு கேட்காது. இலக்கியம் கேட்கலாம். இளையவர் சொல்லை மூத்தவர் கேட்பது பற்றியும் இங்கே ஒரு செய்தி உண்டு. அண்ணன் பேசும்போது தம்பி குறுக்கிடாத வீடுகளிலிருந்து வந்தவர்கள்தாம் விமானி அறைக்குள்ளும் அமர்கிறார்கள். அவ்வறையில் தம்பி குறுக்கிட்டே ஆக வேண்டும். அண்ணன் கேட்டே ஆக வேண்டும். அதற்கெனத் தனியே பயிற்சி தருகிறார்கள்.

எப்போதும் திரும்பிவிடலாம் என்று எண்ணினால் அதுவும் எளிமைப்படுத்தலே. 2025 மே 21ஆம் நாள் தில்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோவின் 6இ 2142 விமானம் பட்டான்கோட்டுக்கு அருகே, ஏறத்தாழ 36,000 அடி உயரத்தில் இடிமேகத்தை எதிர்கொண்டது. இடப்புறம் விலக விமானிகள் கேட்டனர். எல்லை அருகில் என்பதால் இசைவு கிடைக்கவில்லை. லாகூரைக் கேட்டனர், அதுவும் மறுத்தது. பின்திரும்ப எண்ணினர், அதற்குள் மேகம் நெருங்கிவிட்டது. குறுகிய வழியில் ஊடுருவி வெளியேறுவதெனத் துணிந்தனர். ஆலங்கட்டி மூக்கைப் பெயர்த்தது. வேகம் காட்டும் கருவி நம்பத்தகாததாயிற்று. தானியங்கி தானே விலகிக்கொண்டது. ஒரு கட்டத்தில் விமானம் நிமிடத்திற்கு 8,500 அடி என்ற கணக்கில் இறங்கியது. கையாலேயே அதனை நிலைநிறுத்தி, சிதைந்த மூக்கோடு ஸ்ரீநகரில் இறக்கினர். இருநூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவர்க்கும் காயமில்லை. இங்கே வீரம் இருந்தது; எவரும் மறுக்க இயலாது. ஆனால் எல்லா வழியும் அடைபட்ட பின் எஞ்சிய வீரம் அது. முதலில் அவர்கள் தேடியது விலகும் வழியைத்தான்.

புறநானூற்றின் 27ஆம் பாட்டு, நல்வினை செய்தார் அடையும் வானூர்தியை ஓட்டுவோன் இன்றியே செல்வதாகச் சொல்கிறது. தேரோட்டியைக் குறிக்கும் வலவன் என்னும் அழகிய சொல் அங்கே ஆளப்படுகிறது. தானியங்கி விமானத்தை இது முன்னரே சொல்லிவிட்டது என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு, அது மிகை. பாட்டின் ஊர்தி விண்ணுலகத்தது. அங்கே ஆலங்கட்டி விழுவதில்லை. மண்ணுலகத்து ஊர்தியில் தானியங்கி கைவிடும் நேரத்திற்காகவே வலவன் அமர்த்தப்பட்டிருக்கிறான்.

பயணிகள் பங்கு ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 மே 21ஆம் நாள் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேல் 37,000 அடியில் உலுக்கப்பட்டது. இருக்கைப் பட்டைக்கான விளக்கு போடப்பட்டது என்று விமானி குரல் கொடுத்த எட்டாம் நொடியில் அது நிகழ்ந்தது. நாலரை நொடியளவில் விமானம் இறங்கியது வெறும் 178 அடிதான். அதற்குள் பட்டை அணியாதவர்கள் கூரையில் மோதிக் கீழே விழுந்தனர். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். விமானிகள் பாங்காக்குக்குத் திருப்பி இறக்கினர்.

டாடா நிறுவனத்தின் வான்தபால் 1932 அக்டோபர் 15ஆம் நாள் தொடங்கியது. ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானத்தின் தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். வானொலி இல்லை, ரேடார் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பருவமழையிலும் தபால் தவறாமல் போய்ச் சேர்ந்தது என்பதே அந்நிறுவனத்தின் தொடக்ககாலப் பெருமை. அதற்கு ஓராண்டு முன், 1931இல், பிரெஞ்சு விமானியும் எழுத்தாளருமான செந்த் எக்சுபெரி 'இரவுப் பயணம்' என்னும் நாவலை வெளியிட்டார். தபால் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் தலைவன் ரிவியேர். பட்டகோனியாவின் புயலில் வழி தவறி, எரிபொருள் தீரும் நேரத்தில் மேகத்தின் துளை வழியே நிலவொளிக்கு ஏறிவிடும் விமானி ஃபாபியன். அந்த நிலவொளி உலக இலக்கியத்தின் பேரழகுகளில் ஒன்று. அங்கிருந்து ஃபாபியன் திரும்பவில்லை. படித்தோர் ஃபாபியனுக்காக அழுவர். அதே புயலைக் கண்டு தொடக்கத்திலேயே திரும்பி, வீட்டில் மனைவியோடு இரவுணவு அருந்தியிருக்கக்கூடிய ஒருவனைப் பற்றி எவரும் நாவல் எழுதமாட்டார். கவிஞர்களின் இடர்ப்பாடு இங்கேதான் உள்ளது. நிகழாமற் போன விபத்துக்குக் கதை இல்லை.

வள்ளுவர் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். காலமறிதல் அதிகாரத்தில், ஊக்கமுடையவன் அடங்கியிருப்பதை, மோதுவதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவுக்கு ஒப்பிடுகிறார். ஆயினும் கடா மீண்டும் மோதத்தான் பின்வாங்குகிறது. விமானி சில நாள் மீண்டும் முயல்வார். சில நாள் திருச்சிக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார். அப்படிப் போவதற்குக் குறளின் உவமையும் முழுதும் பொருந்துவதாகத் தெரியவில்லை.

பொருந்தும் உருவம் ஒன்று இவ்வூரிலேயே இருக்கிறது. தூங்கானை மாடமாகிய பிரளயகாலேசுவரர் திருக்கோயிலில், எல்லாக் கோயில்களிலும்போல் நந்தி இறைவனை நோக்கி இருப்பதில்லை. வாயிலை நோக்கித் திரும்பி இருக்கிறது. ஊழிவெள்ளம் வந்தபோது அதனைத் தடுக்கத் திரும்பியதாகத் தலவரலாறு. நாள்தோறும் அதனைக் கடந்து செல்லும் பெண்ணாடத்தார் எவரும், நந்தி இறைவனுக்கு முதுகு காட்டிவிட்டதாகக் குறை சொன்னதில்லை.

ஆகவே இவ்வட்டத்துக் கவிஞர்களிடம் கேட்பதற்கு இரண்டு சொற்கள் உள்ளன. மேலிருந்து கொட்டித் தரையில் சிதறும் காற்றுக்கு, தென்றலோடும் வாடையோடும் கொண்டலோடும் கோடையோடும் ஐந்தாவதாக நிற்கத்தக்க பெயர் ஒன்று. ஓடுபாதை கைக்கெட்டும் தொலைவில் வந்தபின் வேண்டாமென்று மேலெழும் செயலுக்கு, 'முடியாமல்' என்பது ஒட்டாத ஒரு வினை. மீளெழல் என்று வைக்கலாமா என்றால் அதில் புலமை வாடை அடிக்கிறது. நாளேட்டுத் தலைப்பில் அமர வேண்டும். விமான நிலையத்தில் மகனுக்காகக் காத்திருக்கும் தாய்க்கும் ஒருமுறை கேட்டால் விளங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வந்துவிடும். அதற்குள் சொற்கள் அமைந்துவிட்டால், நாளேடுகளுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிவிடலாம்.